வாடிப்பட்டிக்காகத் திறந்த கதவு

விளாங்குடியில் எங்கள் தெருவில் ஜூடு என்றால் எந்த ஜூடு என்று யாரும் கேட்க மாட்டார்கள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறவர் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அதை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நற்கருணை வாங்கக் குனியும்போது அட்டை முன்னால் ஆடும். அதில் ‘டெக்னிக்கல் ஹெட்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அட்டையைக் கழற்றினால் தன்னிடம் வேறு ஒன்றும் இல்லை என்பது அவருக்கே தெரிந்திருந்ததோ என்னவோ.

அப்பா ராயப்பன் மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து காலமானவர். அம்மா பிலோமினாள் அதே பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு பேரும் வேலையை வேலையாகப் பார்த்தவர்கள். அவர்களுக்குப் பிறந்த ஜூடு இன்ஜினியரிங் சேர்ந்து, பாதிப் பாடங்களைத் திரும்பத் திரும்ப எழுதித் தேறினார். அதைக் குறை சொல்ல மாட்டேன், எத்தனையோ நல்லவர்கள் அப்படித் தேறியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் படிப்பிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வாக்கியம். “எங்க சைடு ஓகே, உங்க சைடுல பாருங்க.” யார் எந்தக் கோளாறைச் சொன்னாலும் அதைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். பாதிக் கோளாறுகள் யாராவது மோடத்தை அணைத்துப் போட்டதும் தாமாகச் சரியாகிவிடும். மீதியை வேறு யாராவது சரி செய்வார்கள். “நான்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்” என்பார் ஜூடு.

இந்த மனிதர் ஒரு ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர் சாம்ராஜ்யத்தையே ஆண்டுகொண்டிருந்தார்.

சென்டர் டாக்டர் தங்கப்பாண்டியுடையது. சோழவந்தான் பக்கம் நெல்லும் வெற்றிலையும் போட்ட குடும்பம். விளாங்குடியில் தலைமை இடம், பரவையில் ஒரு கிளை, வாடிப்பட்டியில் ஒரு கிளை. மூன்று இடத்திலும் எடுக்கிற படங்கள் கிளவுடுக்குப் போகும். அதாவது ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் கட்டடத்தில் இவர்கள் வாடகைக்குப் பிடித்த சேமிப்பு இடத்துக்கு. கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் டாக்டர்கள் அங்கிருந்து படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார்கள்.

அந்த இடத்துக்குப் போக இரண்டு வழி உண்டு. ஒன்று, உலகமே புழங்கும் இணையம். இன்னொன்று, சென்டருக்கென்று மட்டும் போட்ட தனிப்பாதை. நோயாளிகளின் படமாயிற்றே என்று, முதலில் அமைத்துக் கொடுத்தவர்கள் பொதுவழிக் கதவைப் பூட்டிவிட்டுத் தனிப்பாதையை மட்டும் விட்டிருந்தார்கள். நல்ல ஏற்பாடு. அவர்கள் போகும்போது தலைமைக் கடவுச்சொல்லை ஜூடு கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்பதுதான் அதில் இருந்த ஒரே ஓட்டை.

போன வருஷம் மழைக்கு முன்னால் ஒருநாள் காலை வாடிப்பட்டியிலிருந்து போன் வந்தது. பேசியது அங்கே ஸ்கேன் எடுக்கிற சூரியபிரகாஷ்.

“அண்ணே, ஒண்ணும் ஏற மாட்டேங்குது. எடுத்த படம் அம்புட்டும் இங்கனயே கெடக்கு. ‘அனுமதி இல்லை’ன்னு வருது.”

“எங்க சைடு ஓகே. உங்க சைடுல பாருங்க” என்றார் ஜூடு.

“எங்க சைடும் நீங்கதாண்ணே.”

ஜூடு போனை வைத்துவிட்டு, தனக்குக் கீழே வேலை பார்க்கும் ஹெப்சிபாவைக் கூப்பிட்டார். ஹெப்சிபாவும் இன்ஜினியரிங் படித்தவள்தான். அடக்க ஒடுக்கம் என்று ஊரில் சொல்வார்களே, அது அவளிடம் கிடையாது. ஜூடு சொல்வதைக் கேட்கும்போதே அவள் உதடு ஒரு பக்கம் கோணும். சென்டரில் எல்லோரும் அதைக் கவனித்திருந்தார்கள், ஜூடைத் தவிர.

அவள் வாடிப்பட்டிக் கம்ப்யூட்டருக்குள் இங்கிருந்தே நுழைந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: “பாதையில ஒரு குத்தமும் இல்ல சார். பேருலதான் பிரச்சினை. அங்க நேத்து புது மோடம் மாட்டியிருக்காங்க. அதுலருந்து அந்தக் கம்ப்யூட்டரு நம்ம ஸ்டோரேஜ் பேரைச் சொல்லி வெளியில விலாசம் கேக்குது. வெளியில கேட்டா வெளி விலாசம்தானே குடுப்பான்? அந்தக் கதவைத்தான் நம்ம பூட்டி வச்சிருக்கோம். இங்கயும் பரவையிலயும் நம்ம சர்வர்ட்ட கேக்குது, தனிப்பாதை விலாசம் கெடைக்குது. வாடிப்பட்டியையும் நம்ம சர்வர்ட்டயே கேக்கச் சொல்லிட்டா முடிஞ்சுது.”

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஜூடு சிரித்தார்.

“ஏம்மா, பேரு சரியில்ல, விலாசம் சரியில்லன்னு என்ன ஜோசியமா பாக்குற? லைன் ப்ராப்ளம்மா இது. நீ பரவைக்குப் போயி அந்தப் பிரிண்டரைப் பாரு. இத நான் பாத்துக்கிறேன்.”

ஹெப்சிபா உதட்டைக் கோணிக்கொண்டு பரவைக்குப் போய்விட்டாள். ஜூடு மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார். கேபிளைப் பிடுங்கி மாட்டச் சொன்னார். கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னார். வாடிப்பட்டியில் ஆட்கள் ரிப்போர்ட்டுக்காகக் காத்துக் கிடந்தார்கள். டாக்டர் தங்கப்பாண்டி இரண்டாவது முறை போனில் கத்தியதும் ஜூடுக்கு வேர்த்துவிட்டது. தலைமைக் கடவுச்சொல்லைப் போட்டுக் கிளவுடுக்குள் நுழைந்தார். எங்கெல்லாம் ‘தடை’ என்று இருந்ததோ அங்கெல்லாம் ‘அனுமதி’ என்று மாற்றினார். எல்லா இடத்திலிருந்தும் வரலாமா என்று இருந்தது. வரலாம். கடவுச்சொல் இல்லாமல் படிக்கலாமா என்று இருந்தது. படிக்கலாம். உறுதியாகத்தான் சொல்கிறீர்களா என்று திரை கேட்டது. திரைக்கு இருந்த அக்கறைகூட அவருக்கு இல்லை.

வாடிப்பட்டிப் படங்கள் ஏறின. யாருடைய வீட்டுச் சாவியோ தொலைந்தால் தெருவில் இருக்கிற எல்லா வீட்டுக் கதவையும் பெயர்த்து வைப்பது போன்ற வைத்தியம் இது. ஆனால் உள்ளே போக முடிந்ததல்லவா? அது போதும் டாக்டருக்கு. அந்த வருஷ ஆண்டு விழாவில் ஜூடுக்குப் பொன்னாடை போர்த்தினார். எப்படிச் சரி செய்தீர்கள் என்று ஹெப்சிபா கேட்டபோது, “அது அட்வான்ஸ்டும்மா, ஒனக்குப் போகப் போகத் தெரியும்” என்றார் ஜூடு. கிளவுடுக்குள் நுழைகிற கடவுச்சொல் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. அவளால் பார்க்கவும் முடியவில்லை.

ஜூடின் மனைவி பெர்சி, மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். இந்த மனிதருக்கு இப்படி ஒரு மனைவி எப்படி அமைந்தாள் என்று தெருவே வியந்ததுண்டு. கல்யாணமாகிப் பல வருஷமாகக் குழந்தை இல்லை. வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. எடுத்தது ஜூடின் சென்டரில்தான். புருஷனிடமும் மாமியாரிடமும் மட்டும் பெர்சி சொன்னாள். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். பள்ளியில் தன்னைப் பரிதாபமாகப் பார்க்கிறவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள்.

ஒருநாள் மத்தியானம் ஆசிரியர்கள் அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு போன் வந்தது. ஒரு பெண் குரல், தேன் தடவினாற்போல.

“பெர்சி மேடங்களா? உங்க கர்ப்பப்பையில கட்டி இருக்குல்லங்க மேடம், அதுக்கு ஆபரேஷனே வேணாம். எங்க மூலிகை மருந்துல கரைச்சிரலாம். குழந்தையும் தங்கும்.”

பெர்சி போனை அணைத்தாள். பக்கத்தில் இருந்த டீச்சர் “என்ன டீச்சர், வீட்ல எதுவும் பிரச்சினையா?” என்று கேட்டதற்கு, ராங் நம்பர் என்று சொல்லிவிட்டுத் திருத்திய தாளையே மறுபடி திருத்தினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள். “அத்தை, யார்ட்ட சொன்னீங்க?”

பிலோமினாள் அவித்த கடலையைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். “எதம்மா?”

“என் வயித்துல இருக்கிறதத்தான். யாரோ மருந்து விக்கிறவ போன் பண்ணிப் பேரைச் சொல்லிப் பேசுறா.”

“மாதாவே! நான் யார்ட்டம்மா சொல்லப் போறேன்?”

பிலோமினாள் பேச்சுக்காரி. பூசை முடிந்தால் கோயில் வாசலில் நாலு பேரிடம் நின்று பேசாமல் வீடு திரும்ப மாட்டாள். அதனால் சந்தேகம் அவள் மேல் விழுந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனாலும் பெர்சி புருஷனையும் கேட்டாள். ஜூடு முகம் கழுவி வருவதாகச் சொல்லிக் குளியலறைக்குள் போனார்.

உள்ளே அவர் என்ன செய்தார் என்பதைப் பின்னால் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். செல்போனில் சென்டர் படங்களின் விலாசத்தைப் போட்டுப் பார்த்தார். கடவுச்சொல் கேட்கவில்லை. மனைவியின் பெயர், வயது, போன் நம்பர், கர்ப்பப்பைப் படம், எல்லாம் திறந்து கிடந்தன. ஊரில் உள்ள எல்லோருடையதும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அவர் சொன்னார்: “அம்மா, கோயில்ல யார்ட்டயாவது வாய்தவறிச் சொல்லியிருப்பீங்க. போனாப் போகுது. பெர்சி, நீயும் விடு. வயசானவங்க.”

தான் செய்த குற்றத்துக்குத் தாயை மன்னித்துவிட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டில் இரண்டு பெண்களும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெர்சி மாமியார் இருக்கும் அறையில் போன்கூடப் பேச மாட்டாள். ஒருநாள் பிலோமினாள் இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திண்டுக்கல்லில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். ஜூடுதான் பைக்கில் கொண்டுவந்து பஸ் ஏற்றினார். படியில் ஏறியவள் திரும்பி நின்றாள்.

“டேய் ஜூடு, நான் யார்ட்டயும் சொல்லலடா.”

“தெரியும்மா” என்றார் ஜூடு.

பிள்ளையாவது நம்புகிறானே என்று அந்த அம்மா அழுதுகொண்டே போய் உட்கார்ந்தாள். பஸ் பரவையைத் தாண்டும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம்.

இனியாவது அவர் கதவைப் பூட்டினாரா? பூட்டினால் வாடிப்பட்டி மறுபடி நின்றுவிடும். வாடிப்பட்டியை எப்படிச் சரி செய்வது என்று ஹெப்சிபாவிடம் கேட்க வேண்டும். கேட்டால் அன்றைக்குச் செய்தது என்ன என்று அவள் கேட்பாள். பொன்னாடை போர்த்தியவர்களிடம் பதில் சொல்ல வேண்டும். இத்தனையையும் யோசித்துவிட்டு ஜூடு ஒரு காரியம் செய்தார். மனைவியின் படத்தை மட்டும் அழித்தார். மற்றவர்களின் படங்களை இருந்த இடத்திலேயே விட்டார். அதன் பிறகு நிம்மதியாகத் தூங்கினார் என்று பெர்சி சொல்கிறாள். குறட்டை நிற்கவில்லையாம்.

அப்படி விடப்பட்டவர்களில் ஒருவர் பேயாண்டி. வாடிப்பட்டிக்குத் தெற்கே தென்னையும் நெல்லும் வைத்திருக்கிற விவசாயி. தலைச்சுற்றல் என்று ஸ்கேன் எடுத்ததில் மூளையில் கட்டி இருந்தது. மனைவி முத்துத்தாய் அதை அவரிடம் சொல்லவில்லை. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிவைத்து, அறுவடை முடிந்ததும் மெல்ல எடுத்துச் சொல்லி ஆபரேஷனுக்கு அழைத்துப் போகலாம் என்று இருந்தாள். ஒருநாள் அவர் வரப்பில் நின்று தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது அதே மருந்துக் கும்பல் அவரையே கூப்பிட்டது. “ஐயா, உங்க மூளையில கட்டி இருக்குல்ல…”

பேயாண்டி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, போனில் கேட்டதைச் சொல்லி, “நெசமா?” என்று மனைவியைக் கேட்டவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் முத்துத்தாய் பஸ் ஏறி விளாங்குடி சென்டருக்கே வந்துவிட்டாள். வாடிப்பட்டிக் கிளையில் கேட்டதற்கு “எல்லாம் ஹெட் ஆபீஸ்தான்” என்று சொல்லியிருந்தார்கள்.

வரவேற்பு மேஜைக்கு முன்னால் நின்று அவள் கேட்டது தெருவுக்கே கேட்டது.

“கட்டுன புருசன்ட்ட நானே சொல்லல. எங்கிட்டோ இருக்கிறவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? படத்தை எடுத்து எவனுக்கு வித்தீங்க? சொல்லுங்க!”

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஹெப்சிபா வந்தாள். முத்துத்தாயை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, போனில் என்ன சொன்னான் என்று விவரமாகக் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கு வாடிப்பட்டிக் கோளாறு ஞாபகம் வந்தது. தன் செல்போனில் சென்டர் வைஃபையை அணைத்துவிட்டு, வெளியாள் மாதிரித் தன் சொந்த நெட்டில் சென்டர் படங்களின் விலாசத்தைப் போட்டாள். திறந்தது.

“அம்மா, யாரும் விக்கல” என்றாள் ஹெப்சிபா. “தெறந்து போட்டிருக்காங்க. போற வாரவன் எடுத்திருக்கான். வாங்க எங்கூட.”

முத்துத்தாயையும் அழைத்துக்கொண்டே டாக்டர் அறைக்குள் போனாள். டாக்டர் தங்கப்பாண்டி அவள் காட்டியதைப் பார்த்துவிட்டு முதலில் சொன்ன வார்த்தை, “கதவைச் சாத்தும்மா.” கிளவுடின் கதவை அல்ல, அறைக் கதவை. அதைச் சாத்தினால் விஷயம் வெளியே போகாது என்று ஒரு பெரிய படிப்புப் படித்தவர் நினைத்தார். பிறகு ஜூடைக் கூப்பிட்டார்.

ஜூடு அட்டையைச் சரி செய்துகொண்டு வந்தார். “எனக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர். அன்னைக்கு இந்தப் பொண்ணுதான் பேரு, விலாசம்னு என்னத்தையோ மாத்தணும்னு சொன்னா. அவதான் எதையாவது நோண்டியிருப்பா.”

“எனக்குக் கடவுச்சொல்லே கெடையாதே சார்” என்றாள் ஹெப்சிபா. “மாந்திரீகம் பண்ணியா மாத்துனேன்?”

அந்த இடத்தில் ஜூடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாயை மூடத் தெரிந்திருந்தால் அவர் வேறு ஆளாக இருந்திருப்பார். நெஞ்சில் கையை வைத்துச் சொன்னார்: “டாக்டர், என் பொண்டாட்டி ஸ்கேனே அதுலதான் இருக்கு. தெறந்து கெடக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் விட்டிருப்பேனா? நீங்களே பாருங்க!”

டாக்டர் பார்த்தார். தன் கம்ப்யூட்டரில் பெர்சி என்று தேடினார். இல்லை. அதே நாளில் எடுத்த மற்றவர்களுடையது எல்லாம் இருந்தது. மறுபடி தேடினார். இல்லை.

முத்துத்தாய்க்குக் கம்ப்யூட்டர் புரியாது. ஆனால் ஜூடின் முகம் புரிந்தது.

“ஒன் பொண்டாட்டியத மட்டும் எடுத்துட்ட” என்றாள். “எங்கள அப்படியே விட்டுட்ட.”

ஜூடு நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். பயத்தில் எல்லாவற்றையும் திறந்தது, குளியலறையில் பார்த்தது, அழித்தது, எல்லாம் வந்தது. அந்த அழுகையைப் பார்த்து யாருக்கும் மனம் இளகவில்லை. ஹெப்சிபா அவருக்குப் பின்னால் நின்று, எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அவரே தன் கையால் ஒவ்வொரு கதவாகப் பூட்டினார். பிறகு அவள் வாடிப்பட்டி மோடத்துக்குள் போய், விலாசத்தை உள் சர்வரிடம் கேட்கும்படி மாற்றினாள். டாக்டருக்குக் கொண்டுவந்து வைத்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அன்றைக்கே முடிந்திருக்க வேண்டிய வேலை.

டாக்டர் முத்துத்தாயிடம் குழைந்தார். “வெளியில சொல்லாதீங்கம்மா. ஒங்க வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு நான் ஏற்பாடு பண்றேன்.”

“அத நாங்க பாத்துக்கிறோம்” என்று எழுந்து போனாள் முத்துத்தாய். நேராகப் போலீஸுக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். ஹெப்சிபா கூடவே போனாள். விசாரணை இன்னும் நடக்கிறது. மருந்துக் கும்பல் நம்பரை மாற்றிக்கொண்டுவிட்டது. ஜூடு ‘சொந்தக் காரணங்களுக்காக’ விலகினார் என்று சென்டரில் சொல்லிக்கொண்டார்கள். டாக்டருக்கு அவமானம் வரக்கூடாதல்லவா? பேயாண்டிக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்து பிழைத்துக்கொண்டார். ஆனால் மனைவி ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினாலும், “இது எதுக்கு? நெசமாச் சொல்லு” என்று கேட்கிறாராம். அதற்கு எந்த டாக்டரிடமும் மருந்து இல்லை.

ஹெப்சிபாவுக்குப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் பெர்சிதான். கதவுகளைப் பூட்டிய அன்று மாலையே ஹெப்சிபா பெர்சியின் வீட்டுக்கு வந்து, “டீச்சர், ஒங்ககிட்ட ஒரு விஷயம்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். பெர்சி சத்தம் போடவில்லை. ஜூடு வந்தபோது சோற்றை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் லீவு போட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினாள்.

நாத்தனார் வீட்டு முற்றத்தில் பிலோமினாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெர்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை, நீங்க சொல்லல. எனக்குத் தெரிஞ்சு போச்சு. என்னைய மன்னிச்சிருங்க.”

நடந்ததைக் கேட்டு முடித்ததும் பிலோமினாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அவனுக்கு எப்பம்மா தெரியும்?”

“அன்னைக்கே தெரியும் அத்தை. நான் ஒங்களக் கேட்டேன்ல, அப்பவே.”

பிலோமினாள் கையிலிருந்த ஈரச் சேலையைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த சேலை. பஸ் படியில் நின்று தான் சொன்னதையும், அவன் ‘தெரியும்மா’ என்றதையும் அவள் நினைத்திருக்க வேண்டும்.

“ஓம் மேல எனக்குக் கோவம் கெடையாது தாயி” என்றாள் கடைசியில். “எம்மேல சந்தேகம் வர்ற மாதிரி நானும் வாயாடிதான். ஆனா அந்த வீட்டுக்கு வரமாட்டேன். நீ ஆபரேஷனை இங்கயே வச்சுக்க. நான் பாக்குறேன்.”

அப்படியே நடந்தது. பெர்சிக்குத் திண்டுக்கல்லில் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து கஞ்சி கொடுத்து, தலை வாரிவிட்டுப் பார்த்துக்கொண்டவள் மாமியார்தான். இரண்டாம் நாள் ஜூடு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் அட்டை இல்லை. கை அடிக்கடி நெஞ்சுக்குப் போய் எதையோ தேடித் திரும்பியது. பெர்சி தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பிலோமினாள் எழுந்து வந்து பழப்பையை வாங்கிக்கொண்டாள். வெளியூரிலிருந்து வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்ததும் எந்தத் தாயும் கேட்பாளே, சாப்பிட்டாயா என்று, அதை அவள் கேட்கவில்லை. “டாக்டர் வர்ற நேரம்” என்று மட்டும் சொன்னாள். ஜூடு கொஞ்ச நேரம் கதவோரம் நின்றுவிட்டு மதுரை பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.